மகமைக்கு ஆள்

ஒரு நல்ல செய்திக்காகத் தவம் கிடந்தவளுக்கு ஒரே நாளில் மூன்று வந்தால் முதலில் சந்தோஷம் வராது, பயம்தான் வரும். கோமதியம்மாளுக்கும் அப்படித்தான் வந்தது.

ஷிஜாவின் போன் வந்தபோது அவள் கடைக்கு மேலே உள்ள வீட்டில் மகனுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். கீழே அவள் கணவர் ஆறுமுகசாமியின் மிளகாய் வற்றல் மொத்தக் கடை. மலையாளத்துக் கடைத்தெருவான ஆரியசாலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த நெடி மூக்கில் ஏறாது. மகன் மகாராஜாவுக்கு மட்டும் இப்போதெல்லாம் ஏறியது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திய பையன். எலும்புக்குள்ளே ரத்தம் ஊறும் மஜ்ஜை அவனுக்கு வற்றிக்கொண்டே வந்தது. பொருந்துகிற மஜ்ஜை யாரிடமாவது இருந்து, அவர் கொடுக்கவும் சம்மதித்தால் பிழைப்பான். இல்லையென்றால் ஊரார் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு எவ்வளவு காலம் ஓட்டலாம் என்று டாக்டரே வாய் திறக்கவில்லை. கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அப்பா அம்மா இருவருடையதும் பாதிதான் பொருந்தியது.

"ஆன்ட்டி, சந்தோஷமான காரியம்தான் கேட்டோ," என்றாள் ஷிஜா. மஜ்ஜை தானத்துக்கு ஆள் சேர்க்கும் அமைப்பில் வேலை பார்க்கிற மலையாளிப் பெண் அவள், தமிழில் மலையாளம் கலந்து வரும். "நம்ம முகாம்ல எடுத்த சாம்பிள்ல மேட்ச் கிட்டியிருக்கு. முழு மேட்ச்."

கோமதியம்மாள் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "யாரும்மா அந்தப் புண்ணியவான்?"

"பேரு நான் பறையக்கூடாது, அது ரூல். ஆனா ஒருத்தர் இல்ல ஆன்ட்டி. மூணு பேர்." ஷிஜாவின் குரல் தாழ்ந்தது. "ஊரெல்லாம் தேடி ஒரு ஆள் கிட்டுறதே பாக்கியம். இது ஒரே முகாம்ல மூணு பேர், மூணும் அச்சு அசலா ஒண்ணுபோல. எனக்கே ஒண்ணும் மனசிலாகல. டாக்டர் ஒரு காரியம் கேக்கச் சொன்னாங்க. மகாராஜாவுக்கு அண்ணன் தம்பி வேற எங்கயாச்சும்..."

"ஏ புள்ள, என்ன கேள்வி கேக்கே நீ?"

"சாரி ஆன்ட்டி. அப்படின்னாதான் இப்படி வரும்னு சொல்றாங்க. எதுக்கும் மூணு பேரோட ரத்தத்தையும் எடுத்து இன்னொரு தடவை நோக்கணும்."

போனை வைத்தபோது கோமதியம்மாளுக்குப் பயம்தான் வந்தது. பிறகுதான் மெதுவாக உறைத்தது. ஒருத்தன் மாட்டேன் என்றால் இன்னொருத்தன். அவனும் ஓடிவிட்டால் மூன்றாமவன். பிள்ளை பிழைத்துவிட்டான்! அவள் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி சிரித்தாள். இந்த நோய் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு எழுந்ததில்லை.

மகாராஜா சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அவள் சிரிப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"மூணும் ஒண்ணுபோலயாம்மா?" என்று மட்டும் கேட்டான்.

"ஆமாய்யா."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கஞ்சி ஆறிப் போனது.

அந்த முகாம் நடந்த லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு ஆளின் எச்சிலைச் சோதித்துப் பதிவு செய்யவே ஆயிரக்கணக்கில் செலவாகும். அந்தச் செலவைத் தெருவே ஏற்கட்டும் என்றவர் வியாபாரிகள் சங்கச் செயலாளர் வன்னியராஜ் அண்ணாச்சி. மல்லி, மஞ்சள் மொத்த வியாபாரம். பேச்சில் அவரை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. "மகமை இருக்கையில உண்டியல் எதுக்கு?" என்றார். மகமை என்பது திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த வியாபாரிகள் தராசோடு சேர்த்துக் கொண்டுவந்த பழக்கம். விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுக்காரியத்துக்கு எடுத்து வைத்துவிடுவார்கள். கோயில் கொடையும் ஏழைப் பெண் கல்யாணமும் அதிலிருந்துதான் நடக்கும். யாரையும் கேட்பது கிடையாது. கொடுத்தவனுக்குக் கொடுத்த மாதிரியே தெரியாது.

பணம் தாராளமாகவே சேர்ந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். "ஆளையும் மகமையாவே எடுத்துருவோம், கடைக்கு ஒரு ஆள்," என்றார் அண்ணாச்சி. எல்லாரும் கை தட்டினார்கள். எந்த ஆள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மகமையைச் சரக்காகக் கொடு என்றால் மூட்டையின் அடியில் கிடக்கும் உடைசலைத்தானே வியாபாரி அள்ளிக் கொடுப்பான்? அப்படியே ஆயிற்று. மூட்டை தைக்கிறவனும் எடை போடுகிறவனும் வண்டி ஓட்டுகிறவனும் சங்க மண்டபத்தில் வரிசையாக நின்றார்கள். முதலாளிமார்கள் மேடையில் உட்கார்ந்து சர்பத் குடித்தார்கள். சொந்தபந்தம், ஒரே சமூகம் என்றால் பொருந்த வாய்ப்பு அதிகம் என்று ஷிஜா மைக்கில் தொண்டை கிழியச் சொல்லியும் மேடையிலிருந்து ஒரு தலை இறங்கவில்லை. கோமதியம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். யார் வாயிலிருந்தாவது தன் பிள்ளைக்கு உயிர் கிடைத்தால் சரி என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

வந்த ஆளுக்கு ஒரு உறை. உள்ளே பஞ்சு சுற்றிய குச்சிகள். வாய் கொப்பளித்துவிட்டு, கன்னத்தின் உள்பக்கம் குச்சியைத் தேய்த்து, உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும். மகாராஜாவுக்கு அன்று உடம்பு கொஞ்சம் தேவலாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில் நின்று, வந்தவர்களுக்கு விளக்கிச் சொல்லி, ஒட்டிய உறைகளை வாங்கிக்கொண்டு போய் மேசையில் கொடுத்தான்.

பெயர்களை ஷிஜா சொல்லாவிட்டால் என்ன? ஆரியசாலையில் ஒரு கடையில் போன் அடித்தால் பத்துக் கடைக்குக் கேட்கும். அமைப்பிலிருந்து யார் யாருக்கு அழைப்பு வந்தது என்று பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அவள் கடையிலேயே மூட்டை தைக்கும் எசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கம் கடையத்துக்காரன். வெல்லக் கடையில் எடை போடும் நேசமணி, பாறசாலையில் வீடு, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். வன்னியராஜ் அண்ணாச்சியின் வண்டி ஓட்டும் விபின், வித்துராவைச் சேர்ந்த மலையாளி. ஊர் வேறு, சாதி வேறு, சாமி வேறு. மூவருக்குள்ளும் ஓடுவது அவள் பிள்ளைக்குப் பொருந்துகிற ரத்தம்.

அவள் ஒவ்வொருவரையும் தேடிப் போய்ப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஏதோ தெரிந்தது. ஊசியில் நூல் கோர்க்கும்போது எசக்கிமுத்து கீழுதட்டைக் கடித்துக்கொண்டான். மகாராஜாவும் அப்படித்தான் கடிப்பான். நேசமணியின் பிடரியில் சுழி இருந்தது, மகனுக்கு இருக்கும் அதே இடத்தில். விபின் சிரிப்பதற்கு முன் தலையைக் குனிந்தான். இத்தனை வருஷம் கண்ணெதிரே நடமாடியவர்களிடம் இதெல்லாம் ஏன் தெரியவில்லை? முதலில் உருகிப் போனாள். ஒரு பிள்ளையைப் பெற்றவளுக்குத் தெருவில் இன்னும் மூன்று பிள்ளை. பிறகு ஒரு தடவை வண்டியிலிருந்து இறங்கிய விபின் அவளைத் திரும்பிப் பார்த்தபோது, மகன்தான் வேறு முகத்தை மாட்டிக்கொண்டு பார்க்கிறான் என்று தோன்றி உடம்பு புல்லரித்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டாள்.

நன்றி என்று ஒன்று இருக்கிறதே. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். கடையில் தலை நரைக்கும் அளவுக்கு வேலை பார்த்த எசக்கிமுத்து அந்த மாடிப்படியில் கால் வைத்தது அன்றைக்குத்தான். இலை போட்டு, சாம்பாரும் அவியலும் பரிமாறினாள். ஒருவனும் கை வைக்கவில்லை. நேசமணி கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்தவன் முடிப்பதாகவே இல்லை. விபின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிர் நாற்காலியில் மகாராஜா முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிடுங்கண்ணே," என்றான் அவன்.

மூன்று கைகளும் ஒரே நேரத்தில் சோற்றுக்குள் போயின. மூன்று வாயும் ஒரே நேரத்தில் மென்றன. யாரும் ருசி பார்க்கவில்லை, இன்னும் கொஞ்சம் என்று கேட்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்க்கவுமில்லை. மகன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வையில் பாசமும் இல்லை, நன்றியும் இல்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கச் சகிக்காத ஆள் பார்க்கிற மாதிரி இருந்தது. கோமதியம்மாள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அந்த அறையில் இருந்ததிலேயே தான் ஒருத்திதான் வேற்றாள் என்று அவளுக்குப் பட்டது.

கை கழுவும்போது எசக்கிமுத்து மகாராஜாவிடம் கிசுகிசுத்தது அவள் காதில் விழுந்தது.

"தம்பி, எங்களை விட்டுருங்க."

"என்னத்தப்பா விடணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா." படியில் தடதடவென்று இறங்கி ஓடினான்.

அன்றோடு எல்லாம் கலைந்தது. நேசமணி சம்பளத்தைக்கூட வாங்காமல் பாறசாலைக்குப் போய்விட்டான். விபின் வண்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு மலையோரத்துச் சொந்த ஊருக்கே போய்விட்டான், போன் அணைந்து கிடந்தது. எசக்கிமுத்து கையில் மந்திரித்த கறுப்புக் கயிறு ஏறியது. இரண்டாவது ரத்தப் பரிசோதனைக்கு ஒருவனும் போகவில்லை. "கட்டாயப்படுத்தக் கூடாது ஆன்ட்டி, அவங்க இஷ்டம்தான்," என்றாள் ஷிஜா. குரலே சோர்ந்திருந்தது.

தெரு சும்மா இருக்குமா? மூட்டை தூக்குகிறவர்களிடையே ஒரு பேச்சு கிளம்பியது. மேல்வீட்டுப் பையனின் ரத்தம் தனக்கு ஆள் தேடுகிறதாம். வாய் வழியாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறதாம். எச்சிலே கொடுக்காதவனையும் பிடித்துவிட்டதாம். இந்தக் கடைசி வார்த்தை எங்கிருந்து வந்தது என்று கோமதியம்மாளுக்கு விளங்கவில்லை. ஆனால் அதன் பலனைப் பார்த்தாள். அவள் ஜன்னலுக்குக் கீழே வரும்போது ஆட்கள் வாயை இறுக மூடிக்கொண்டார்கள். கூலிக்கணக்கு பேசிக்கொண்டே வருகிறவன் பாதி வார்த்தையில் நிறுத்தி, உதட்டை மடித்து, ஜன்னலைத் தாண்டிய பிறகு மீதியைச் சொன்னான். காலையிலிருந்து பொழுது அடையும்வரை கூச்சலில் கிடக்கும் தெரு அவள் வீட்டு வாசலில் மட்டும் ஊமையாயிற்று. அந்த அமைதிக்கு நடுவே மகாராஜா கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போனான்.

பொறுத்துப் பார்த்தவள் ஒரு மத்தியானம் கிடங்குக்குப் போனாள். பாதி இறக்கிய ஷட்டரைக் குனிந்து கடந்தால் உள்ளே இருட்டும் மிளகாய்த் தூசியும். இரண்டு மூட்டை அடுக்குக்கு நடுவே எசக்கிமுத்து குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் வாயைப் பொத்தினான்.

"கையை எடுலே," என்றாள். "நான் என்ன பேயா? ஒனக்கு மனசில்லன்னா வேண்டாம். எதுக்குப் பயப்படுதே, அதை மட்டும் சொல்லு."

அவன் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. தூசியால் வந்ததா வேறா என்று தெரியவில்லை.

"அம்மா, நான் எச்சிலே குடுக்கலம்மா."

"என்ன சொல்லுதே?"

"குச்சியை வாயில வைக்கவே இல்ல. நேசமணியும் வைக்கல, விபினும் வைக்கல. பயந்துட்டோம். முதுகெலும்புல ஊசியைக் குத்தி உறிஞ்சிருவாங்கன்னு ஒருத்தன் சொன்னான். அப்புறம் எப்படிம்மா என் ரத்தம் பொருந்தும்? நான் எச்சிலைத் தொடவே இல்லியே! அப்போ எனக்குள்ள இருக்கிறது யாரு? சோத்தை வாயில வச்சா, நான் திங்கிறேனா வேற யாரும் திங்கிறாங்களான்னு இருக்கும்மா."

கோமதியம்மாள் ஓர் எட்டு பின்னால் போனாள். அந்த இருட்டில் அவன் முகத்தில் மறுபடியும் மகனின் சாயலைப் பார்த்துவிடுவோமோ என்று பயந்து பார்வையை மூட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உறையை யாருகிட்ட குடுத்தீங்க?"

"தம்பிகிட்ட. குழாயடியில நான் அழுததைப் பாத்துட்டு, 'குடுங்கண்ணே, நான் பாத்துக்கிடுதேன்'னாரு. தூரப் போட்டுருவாருன்னு நினைச்சோம்."

அவள் வெளியே வந்தாள். கல்லாவில் இருந்த ஆறுமுகசாமி என்னவென்று கேட்டது காதில் ஏறவில்லை. படியேறும்போது ஷிஜா சொன்னது நினைவுக்கு வந்து பாதியில் கால் நின்றது. மூணும் அச்சு அசலா ஒண்ணுபோல. அண்ணன் தம்பின்னாதான் இப்படி வரும். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். மேலே மகன் இருமுவது கேட்டது.

அவள் மேலே போனபோது அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான்.

"எசக்கியண்ணன் சொல்லிட்டாரா?"

"நீ சொல்லு."

"மூணு உறையிலயும் நான்தாம்மா தேய்ச்சுப் போட்டேன்."

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"மாட்டேன்னு சொன்னா அப்பா வேலையை விட்டு நிறுத்திருவாருன்னு எசக்கியண்ணன் அழுதாரும்மா, அவ்வளவு பெரிய மனுஷன். மத்த ரெண்டு பேரும் பயந்து போயிருந்தாங்க. எனக்காக ஒருத்தன் பயந்து அழணுமா? வெறும் உறையைக் குடுத்தா அவங்க மாட்டிக்கிடுவாங்க. என் எச்சிலுதானே, நோயாளி எச்சிலு, எதுக்கும் ஆகாதுன்னு கழிச்சு விட்டுருவாங்கன்னு நினைச்சேன். இப்படித் திரும்பி வரும்னு தெரியாது."

"அன்னைக்குப் போன் வந்தப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லத்தான் வந்தேன். நீ சிரிச்சே." அவன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். "எனக்கு முழுசாப் பொருந்துற ஆளு நான் மட்டுந்தாம்மா."

கோமதியம்மாள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவள்போல அழுதாள். தெருவில் தேடிக் கண்டுபிடித்த உதட்டுக்கடி, சுழி, தலைகுனிவு எல்லாம் தன் ஆசை வரைந்த கோலம்தான் என்று தெரிந்தும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அழுது ஓய்ந்த பிறகு கோபம் வந்தது. பிள்ளை மேல் இல்லை. மேடையில் சர்பத் குடித்தவர்கள் மேல் வந்தது. அந்த மேடைக்குக் கீழே வாய்பேசாமல் நின்ற தன் மேலும் வந்தது.

ஷிஜாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள்.  "அப்போ அது அவனேதானா," என்று மெல்லக் கேட்டாள் ஷிஜா. "ஆன்ட்டி, மூணு பேர் பேரையும் நான் எடுத்து மாத்துறேன். மகமைப் பணத்துல இன்னும் மிச்சம் இருக்கு. புதுசாத் தேடலாம்."

மறுநாள் இருவரும் வன்னியராஜ் அண்ணாச்சியின் கடைக்குப் போனார்கள். ஷிஜாவின் தோள்பையில் உறைகள். பின்னால் யாரோ வருவது போலிருந்தது. கோமதியம்மாள் திரும்பவில்லை. கடையில் கூட்டம். அவளைக் கண்டதும் ஆட்கள் உதட்டை மடித்துக்கொண்டார்கள்.

"வாங்க மதினி," என்றார் அண்ணாச்சி. "கேள்விப்பட்டேன். பயலுவ ஓடிட்டானுவளாமே. கவலைப்படாதீங்க. இன்னும் எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, சங்கத்துல வச்சு..."

"காசு வேண்டாம் அண்ணாச்சி."

"பின்னே?"

"ஓடினவங்க மேல குத்தமில்ல. மூணு உறையிலயும் இருந்தது எம்புள்ள எச்சிலுதான். பாவப்பட்டவங்க பயந்து அழறதைப் பொறுக்காம அவன் தன் வாயில வச்சுக்கிட்டான். பேயும் இல்ல பிசாசும் இல்ல." கடை முழுதும் கேட்கும்படி சொன்னாள். மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்க பாட்டியும் உங்க தாத்தாவும் கூடப் பிறந்தவங்க. உங்க பையங்க ரெண்டு பேரும் பக்கத்துலயே கழக்கூட்டத்துல கம்பெனி வேலையில இருக்காங்க. உங்ககிட்ட இருந்தா இருக்கும் அண்ணாச்சி. வாயைத் திறங்க."

"எனக்கு வயசு..."

"அம்பது வரைக்கும் எடுப்பாங்க. உங்களுக்குப் போன ஆவணியிலதான் நாப்பத்தெட்டு. பாயசம் நானும் குடிச்சேன்."

"கட்டாயம் ஒண்ணும் இல்ல கேட்டோ," என்றாள் ஷிஜா அவசரமாக. "வேண்டாம்னா வேண்டாம்னு பறயலாம்."

"ஆமா, மகமையா எடுக்க வரல. கேக்க வந்திருக்கேன்," என்றாள் கோமதியம்மாள். "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. அதுக்கும் வாயைத் திறக்கணும்லா?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் மனுஷன் உதட்டை மூடிக்கொண்டு நின்றார். மஞ்சள்தூசி வெயிலில் மிதந்தது. 

பின்னாலிருந்து எசக்கிமுத்து முன்னால் வந்தான். அவள் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த கறுப்புக் கயிற்றை அவிழ்த்துப் போட்டிருந்தான். "எனக்கு ஒண்ணு குடுங்க," என்று ஷிஜாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். அவனை யாரும் கூப்பிடவில்லை. குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, எல்லாரும் பார்க்கும்படி நடுக்கடையில் நின்று குச்சியைக் கன்னத்துக்குள் தேய்த்தான். 

கோமதியம்மாள் இன்னொரு உறையை அண்ணாச்சியிடம் நீட்டினாள். அவர் அதையும் பார்த்தார், தெருவையும் பார்த்தார். மூடிய வாய்களோடு தெருவும் அவரைப் பார்த்தது. அவள் நீட்டிய கையை மடக்காமல் நின்றாள்.